வெரிகோஸ் அறுவைக்குப் பின் சைக்கிள் கூடாதா?

‘வெரிகோஸ் அறுவை செய்த கால் இனி சைக்கிள் மிதித்தால் நரம்பு வெடித்துவிடும்’ என்று வடசென்னை வாட்ஸ்ஆப் குழுக்களில் சுற்றும் தகவல் தவறானது.

முதலில், அது நரம்பே அன்று. சிரை எனப்படும் இரத்தக்குழாய். அது காலில் புடைத்துச் சுருள்வதே வெரிகோஸ். புடைத்த அந்தச் சிரையை அகற்றினாலும் லேசரால் அடைத்தாலும், கால் இரத்தத்தில் ஏறத்தாழ 90 சதவீதத்தை மேலே கொண்டுசெல்லும் ஆழ்சிரைகள் அப்படியே இருக்கின்றன. பெடலை மிதிக்கையில் கெண்டைக்கால் தசை சுருங்கி அவற்றைப் பிழிந்து இரத்தத்தை இதயத்தை நோக்கித் தள்ளுவதால், மிதிப்பது உதவியே.

லேசர் சிகிச்சை பெற்றவர்கள் பெரும்பாலும் 1 முதல் 2 வாரங்களிலும், சிரையை உருவி எடுத்தவர்கள் சற்றுத் தாமதமாகவும், மருத்துவரைக் கேட்டுத் தொடங்கலாம். தொடையிடுக்கில் தையல் இருந்தால் சீட்டின் முனை அங்கேதான் உரசும். ஆறும்வரை பொறுக்க வேண்டும். கேரியரில் மீன்கூடையைக் கட்டிக்கொண்டு காசிமேட்டிலிருந்து கிளம்புவது முதல் நாளே செய்யும் வேலை அல்ல.

கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தால் அன்றே ஸ்டான்லி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மூச்சுத் திணறினால் உடனே 108-ஐ அழையுங்கள்.