இரவு விளக்கால் கிட்டப்பார்வை வராது

"இரண்டு வயதுக்குள் குழந்தையை இரவு விளக்கு வெளிச்சத்தில் தூங்க வைத்தால் கிட்டப்பார்வை வரும், நேச்சர் என்ற அறிவியல் இதழிலேயே வந்திருக்கிறது" என்று ஒருவர் பதிவு எழுதியிருக்கிறார். வந்தது உண்மைதான், 1999-ல். அடுத்த வருடம் அதே இதழில் வந்ததையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

முதல் ஆய்வு பிலடெல்பியாவில் 479 குழந்தைகளின் பெற்றோரிடம் பழைய நினைவைக் கேட்டுச் செய்தது. இருட்டில் தூங்கியவர்களில் 10 சதவீதம் பேருக்கும், இரவு விளக்கில் தூங்கியவர்களில் 34 சதவீதம் பேருக்கும் கிட்டப்பார்வை இருந்தது. பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் பெற்றோருக்குக் கண்ணாடி உண்டா என்பதை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

2000-ல் அமெரிக்காவின் வேறு இரண்டு குழுக்கள் தனித்தனியாகப் பார்த்தபோது அந்தத் தொடர்பே தென்படவில்லை. அதோடு, கிட்டப்பார்வை உள்ள பெற்றோர்தான் குழந்தையின் அறையில் விளக்கு அதிகம் போடுகிறார்கள் என்றும் தெரிந்தது. அதாவது பிள்ளைக்குக் கிட்டப்பார்வை பெற்றோர் வழியாக வந்திருக்கலாம். பழி விளக்கின் மேல் விழுந்துவிட்டது.

அந்தப் பதிவைப் படித்துவிட்டு எந்த அம்மாவும் "நான்தான் பிள்ளை கண்ணைக் கெடுத்துட்டேன்" என்று அழ வேண்டாம். எழுதியவர் தயவுசெய்து அதைத் திருத்துங்கள்.

சரி, என்னதான் செய்யலாம்? பகலில் வெளியே விளையாட விடுங்கள். சீனாவின் குவாங்சோவில் பள்ளி நாட்களில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்ட குழந்தைகளில், மூன்று வருடத்தில் 30.4 சதவீதம் பேருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தது, மற்றவர்களில் 39.5 சதவீதம். 2015-ல் வெளியான இந்த ஆய்வில் பள்ளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்திருந்தார்கள்.