இயோசினோபில் கூடினால் எதிர்ப்புச் சக்தி கூடியதாக அர்த்தமில்லை

அண்ணா, ரத்தப் பரிசோதனையில் இயோசினோபில் என்ற வெள்ளை அணு அதிகமாக இருந்தால் எதிர்ப்புச் சக்தி நன்றாக இருக்கிறது, ஆஸ்துமா இன்ஹேலரை நிறுத்திவிடலாம் என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். இது தவறு. தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் கரும்புத் தோட்டம் எரிக்கும் மாதங்களில் நெஞ்சு இறுகித் தவிக்கும் நம் ஆட்கள் இதை நம்பிவிடக் கூடாது.

இந்த வெள்ளை அணு ரத்தத்தில் ஒரு நாள்கூடத் தங்காது. திசுவுக்குள் போய்ச் சில நாட்களில் தானாகவே மடிய வேண்டும். ஒவ்வாமை உள்ள மூச்சுக்குழாயில் இன்டர்லூக்கின்-5 போன்ற சமிக்ஞைப் புரதங்கள் அந்தச் சாவைத் தள்ளிப்போடுகின்றன. ஆய்வுக்கூடத் தட்டில் இந்தப் புரதம் இல்லாமல் சில நாட்களில் சாகும் அணு, அதைச் சேர்த்தால் ஒரு வாரம் தாண்டியும் உயிரோடு இருக்கிறது. எலும்பு மஜ்ஜையில் உற்பத்தியும் கூடுகிறது. அப்படித் தங்கிப்போன அணுக்கள் கக்கும் புரதங்கள் மூச்சுக்குழாயின் உள்சுவரையே புண்ணாக்குகின்றன. இதையா எதிர்ப்புச் சக்தி என்பது?

ஸ்டீராய்டு இன்ஹேலர் இந்தச் சமிக்ஞையைக் குறைத்து, அணுக்கள் மடிய வழி செய்கிறது. கடுமையான ஆஸ்துமாவுக்குத் தரும் மெப்போலிசுமாப் ஊசி இன்டர்லூக்கின்-5ஐயே பிடித்து முடக்குகிறது.

அப்புறம், குடற்புழு இருந்தாலும் இந்த எண்ணிக்கை ஏறும். அதையும் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். இன்ஹேலரை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.