லிடியா வால்ஸ்ட்ரோமை ஒரே வரியில் தாண்டிப் போகாதீர்கள்

ஸ்வீடனில் பெண்கள் ஓட்டு வாங்கிய கதையைச் சொல்லும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே தடத்தில் ஓடுகின்றன. லிபரல்கள், சோஷலிஸ்டுகள், 1911 ஸ்டாக்ஹோம் வாக்குரிமை மாநாட்டில் எழுத்தாளர் செல்மா லாகர்லொவ் ஆற்றிய உரை, 1921 தேர்தல், அவ்வளவுதான். 1907 முதல் 1911 வரை அந்த இயக்கத்தின் தேசியத் தலைவராக இருந்தவர் ஒரு வலதுசாரி, பாதிரியாரின் மகள், வரலாற்றில் முனைவர் பட்டம் வாங்கியவர் என்பது இந்தக் கட்டுரைகளில் அரை வரிக்கு மேல் இடம் பிடிப்பதில்லை. எனக்கு இது சரியாகப் படவில்லை. லிடியா வால்ஸ்ட்ரோமை விட்டுவிட்டால் அந்தப் போராட்டம் எங்கே சிக்கியது, ஏன் சிக்கியது என்பதே பிடிபடாது.

1869இல் பிறந்தவர். உப்சாலா பல்கலைக்கழகத்துக்கு அவர் வந்தபோது அங்கே பெண்கள் படிக்கத் தொடங்கிப் பதினைந்து வருடம்தான் தாண்டியிருந்தது. முதல் மாணவி பெட்டி பெட்டர்சன் சேர்ந்தது 1872இல். முதல் பெண் முனைவர் எல்லன் ஃப்ரீஸ், 1883இல், அவரும் வரலாற்றுக்காரர். மாணவிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மாணவர் வாழ்க்கை முழுவதும் 'நேஷன்' என்ற ஊர்வாரிச் சங்கங்களைச் சுற்றியே நடக்கும். அங்கே பெண்ணின் பெயர் பதிவேட்டில் இருக்கும், விருந்திலும் விவாதத்திலும் பெரும்பாலும் ஆள் இருக்காது. லிடியா 1892இல் உப்சாலா மாணவியர் சங்கத்தைத் தொடங்கி முதல் தலைவரானார். கூட்டம் நடத்துவது, எழுந்து நின்று பேசுவது, தீர்மானம் எழுதுவது எல்லாம் கூடிப் பழகினால்தான் வரும். பின்னாளில் வாக்குரிமை மேடையில் அவருக்குக் கைகொடுத்தது இந்தப் பழக்கம்.

1898இல் முனைவர் பட்டம். ஆய்வு, 1788–89இல் ஸ்வீடனுக்கும் டென்மார்க்குக்கும் இருந்த உறவைப் பற்றியது. சரி, பட்டம் வாங்கியாயிற்று, அடுத்து பேராசிரியர் வேலையா? அங்கேதான் சுவர். 1809 அரசமைப்பின் 28ஆம் பிரிவு, அரசர் 'ஸ்வீடிஷ் ஆண்களை'ப் பதவிகளில் அமர்த்தலாம் என்கிறது. எழுதியவர்கள் பெண்களைத் தடுக்க நினைத்துக்கூட எழுதியிருக்க மாட்டார்கள். பெண் வந்து நிற்பாள் என்ற எண்ணமே 1809இல் யாருக்கு இருந்திருக்கும்? ஆனால் தொண்ணூறு வருடம் கழித்து அந்தச் சொல் கதவுக்குப் பூட்டானது. சொந்த நிதியில் நடந்த ஸ்டாக்ஹோம் உயர்கல்லூரி கணிதவியலாளர் சோன்யா கோவலெவ்ஸ்கயாவை 1889இலேயே பேராசிரியராக்கிவிட்டது, ஏனென்றால் அது அரசுப் பதவி இல்லை. உப்சாலா, லுண்ட் பல்கலைக்கழகங்களோ அரசு நிறுவனங்கள்.

எல்சா எஷல்சன் கதையைப் பார்த்தால் பூட்டு எப்படி வேலை செய்தது என்று தெரியும். 1897இல் சட்டத்தில் முனைவரான முதல் ஸ்வீடன் பெண், அதே ஆண்டில் உப்சாலாவில் டோசென்ட், அதாவது பாடம் நடத்தும் தகுதி பெற்ற விரிவுரையாளர். தற்காலிகமாகப் பேராசிரியர் நாற்காலியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வந்தபோது பெண் என்று தட்டிக் கழித்தார்கள். 1909இல் பெண்களுக்கும் இடம் தரும்படி அரசமைப்பைத் திருத்தினார்கள். பேராசிரியர் ஆகாமலேயே 1911 மார்ச்சில் அவர் இறந்தார், வயது 49.

லிடியா போன்றவர்களுக்கு மிஞ்சியது தனியார் பெண்கள் பள்ளிகள். ஸ்டாக்ஹோமின் ஆலின் பள்ளியில் 1900இல் கல்வி இயக்குநராகச் சேர்ந்து 1934 வரை அங்கேயே இருந்தார். அவரை 'பள்ளித் தலைமையாசிரியை' என்று எழுதி நிறுத்துபவர்கள், முனைவர் பட்டத்தோடு ஒரு ஆள் ஏன் 34 வருடம் பள்ளியில் இருந்தார் என்று ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

இனி ஓட்டு. 1902இல் நீதி அமைச்சர் யால்மர் ஹம்மர்ஷோல்ட் ஒரு யோசனை சொன்னார்: மணமான ஆணுக்கு இரண்டு ஓட்டு, மனைவிக்கும் சேர்த்து அவரே போட்டுக்கொள்ளட்டும். (ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்த டாக் ஹம்மர்ஷோல்டின் அப்பாதான் இவர்.) இதில் கொதித்த பெண்கள் அந்த ஆண்டே ஸ்டாக்ஹோமில் சங்கம் அமைத்தார்கள், 1903இல் அது தேசிய அமைப்பானது. முதல் தலைவர் அன்னா விட்லொக், 1907இல் லிடியா. அமைப்பின் விதி: எந்தக் கட்சியையும் சாராதது. வலதுசாரியான ஒருவரைத் தலைவராக வைத்திருந்ததற்கே அது சாட்சி. சின்ன ஊரில் பாதிரியார் மனைவியும் லிபரல் ஆசிரியையும் ஒரே மேசையில் உட்கார இந்த நடுநிலை தேவைப்பட்டது.

1909க்குப் பிறகு அந்த நடுநிலை ஏன் தாங்கவில்லை? கணக்கைப் பாருங்கள். அந்த ஆண்டுச் சீர்திருத்தத்தில் 24 வயது ஆண்களுக்குக் கீழவைத் தேர்தலில் ஓட்டு கிடைத்தது. வரி பாக்கி, ஏழை நிவாரணம் போன்ற விலக்குகள் இருந்தன, ஆனாலும் பெரும்பாலான ஆண்கள் உள்ளே வந்துவிட்டார்கள். மேலவையோ மறைமுகத் தேர்தல். மாவட்ட மன்றங்களும் பெரிய நகர மன்றங்களும்தான் அதன் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும். அந்த மன்றங்களுக்கான உள்ளாட்சி ஓட்டு வருமானத்துக்கு ஏற்பக் கூடும், 1909க்குப் பிறகும் ஒருவருக்கு 40 ஓட்டு வரை. பணக்காரர் ஓட்டு மன்றத்தை நிரப்ப, மன்றம் மேலவையை நிரப்ப, மேலவை வலதுசாரிகள் கையில்.

இதில் ஒரு வேடிக்கை. 1862 முதலே வரி கட்டும் மணமாகாத பெண்களுக்கும் விதவைகளுக்கும் உள்ளாட்சி ஓட்டு இருந்தது. தங்களைத் தடுத்த மேலவையைத் தேர்ந்தெடுத்த சங்கிலியில் அவர்களும் ஒரு கண்ணி! மணமான பெண்ணோ 1921 வரை சட்டப்படி கணவனின் பொறுப்பில்.

ஆகவே 'எல்லாக் கட்சியும் எங்களுக்கு ஒன்று' என்று சொல்வது, நடைமுறையில் முட்டுக்கட்டை போடும் கட்சிக்குச் சலுகை கொடுப்பதாகிவிட்டது. 1911இல் அமைப்பு முடிவெடுத்தது: பெண் வாக்குரிமையை எதிர்க்கும் கட்சிகளுக்கு ஆதரவு கிடையாது. பெயர் சொல்லவில்லை, ஆனால் அது வலதுசாரிக் கட்சி என்று எல்லோருக்கும் தெரியும். லிடியா தலைமையை விட்டார், விட்லொக் திரும்பி வந்தார்.

என் கருத்தில் அமைப்பின் முடிவு சரி. அடுத்த ஆண்டே அது தெரிந்துவிட்டது: லிபரல் அரசு கொண்டுவந்த மசோதா கீழவையில் வென்று மேலவையில் செத்தது. ஆனால் லிடியா விலகியதைக் கோழைத்தனம் என்றோ துரோகம் என்றோ சொல்வதை நான் ஏற்க மாட்டேன். தன் கட்சிக்கு எதிராக வேலை செய்யும் அமைப்புக்குத் தலைவராக நீடிப்பதுதான் நேர்மைக் குறைவாக இருந்திருக்கும். வாக்குரிமை வேண்டும் என்பதையும் அவர் விடவில்லை, வலதுசாரி என்பதையும் விடவில்லை. இரண்டு பக்கமும் திட்டு வாங்கும் இடம் அது.

பிறகு நடந்தது தெரிந்ததே. 3,50,000க்கும் மேற்பட்ட கையெழுத்துகளோடு மனு, முதல் உலகப் போர், 1918 நவம்பரில் ஜெர்மனியில் புரட்சி. அந்தப் பயத்தில்தான் டிசம்பரில் மேலவை இறங்கி வந்தது. 1919 மே 24இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியும் உடனே அமலாகவில்லை. அரசமைப்புத் திருத்தம் என்பதால் நடுவில் ஒரு தேர்தல் நடந்து, புதிய நாடாளுமன்றம் மறுபடி ஒப்ப வேண்டும். அது 1921 ஜனவரியில் நடந்தது. செப்டம்பர் தேர்தலுக்குப் பின் உள்ளே போன ஐந்து பெண்களில் பெர்த்தா வெல்லின் வலதுசாரிக் கட்சிக்காரர். பத்து வருடம் முன்பு லிடியாவைத் தர்மசங்கடத்தில் நிறுத்திய அதே கட்சி.

லிடியா தன் வாழ்க்கை வரலாற்றை 1949இல், எண்பது வயதில் வெளியிட்டார். தலைப்பைத் தமிழில் 'பிடிவாதக்காரியும் கூச்சக்காரியும்' என்று சொல்லலாம், இரண்டும் அவரே. அதே 1949இல்தான் உப்சாலா பல்கலைக்கழகம் தன் முதல் பெண் பேராசிரியரை நியமித்தது: புவியியலில், யேர்ட் எனெக்விஸ்ட்.