கவனிப்பவரின் தூக்கத்தையும் கேளுங்கள்

தொற்று நோயாளியைக் கவனிப்பவர்கள் தினமும் அரை மணி நேரம் தமக்கென ஒதுக்க வேண்டும் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். சரிதான், திருப்பூர் லைன் வீட்டில் அதை எங்கே போய் ஒதுக்குவது?

2021 மே கடைசியில், தினசரி கொரோனா எண்ணிக்கையில் கோவை சென்னையையே தாண்டிய சமயம், எங்கள் அத்தைக்கும் (மாமியார்) வந்தது. ஒரே அறை, நடுவில் சேலையைத் திரையாகக் கட்டியிருந்தோம். ராத்திரியெல்லாம் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிவிட்டு, 94-க்குக் கீழே இறங்கிவிடுமோ என்று அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருப்பேன். விரல் சில்லிட்டிருந்தால் தப்பாகக் காட்டும். தேய்த்துச் சூடாக்கி மறுபடி மாட்டுவேன். போன் செய்த சொந்தக்காரர்கள் எல்லாம் "அத்தைக்கு எப்படி இருக்குது அம்மிணி?" என்றார்கள். நீ தூங்கினாயா என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

என் வீட்டுக்காரர் நிலைமை இன்னும் மோசம். கம்பெனிக்குப் போய்வந்த நாம்தான் அம்மாவுக்கு ஒட்டவைத்துவிட்டோமோ என்ற நினைப்பில் அவருக்குச் சோறே இறங்கவில்லை. ஆம்பளை என்பதால் அதை யாரும் கண்டுகொள்ளவும் இல்லை. அத்தை எழுந்து நடமாடிய பிறகும், யாராவது இருமினால் எங்கள் இரண்டு பேருக்கும் நெஞ்சு படபடக்கும்.

காய்ச்சலும் ஆக்சிஜனும் கேட்டுக் குறித்துக்கொண்ட சுகாதாரப் பணியாளரின் தாளில் கவனிப்பவருக்கும் ஒரு கட்டம் இருந்திருக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனாஸ் 14416-க்கு இப்போது எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே. அந்த எண்ணைக் கட்டுரையில் ஏன் போடவில்லை? லைன் வீட்டில் அழுதுகொண்டே போன் பேச மொட்டை மாடிக்குத்தான் ஏற வேண்டும், அது வேறு விஷயம்.