கொதிக்க வைத்தாலும் போகாது

தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்து மூன்றாவது கிழமை. தாய்ப்பால் போதாமல் பால்மா கரைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்த மருத்துவமாது முதலில் கேட்டது, "எந்தத் தண்ணியில கரைக்கிறியள்?" என்றுதான். கிணற்றுத் தண்ணீர், நன்றாகக் கொதிக்க வைத்து ஆறவிட்டது என்றார் அம்மா. "கொதிக்க வைச்சாக் காணாது அம்மா, சுத்தித் தோட்டம் கிடக்கு. தண்ணியை ஒருக்காப் பரிசோதிச்சுப் பாருங்கோ."

பரிசோதித்தோம். பசளையிலும் எருவிலும் இருந்து தண்ணீரில் கரைந்து வரும் நைதரசன் உப்புத்தான் நைத்திரேற்று. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. எங்கள் கிணறு அதைத் தாண்டியிருந்தது.

அம்மம்மா காலத்திலிருந்து நாங்கள் குடித்து வளர்ந்த கிணறு அது. கொழும்பிலிருந்து வரும் சொந்தக்காரர் போத்தலில் நிரப்பிக்கொண்டு போவார்கள், அவ்வளவு ருசி. நைத்திரேற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், இது போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளையின் இரத்தம் ஒட்சிசனைக் காவ முடியாமல் உதடு நீலம் பாரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உலகச் சூழல் மாறுகிறது என்றால் எங்களுக்கு உருகும் பனிமலைதான் ஞாபகம் வரும். அதெல்லாம் பெரிய நாடுகள் செய்த வேலை, நாங்கள் என்ன செய்தோம் என்று கேட்போம். காபனீரொட்சைட்டு விஷயத்தில் அந்தக் கோபம் நியாயமானது, இலங்கையின் பங்கு மிகச் சிறியது. ஆனால் நைதரசன் கணக்கு வேறு. அதில் எங்கள் கையும் இருக்கிறது.

காற்றில் 78 சதவீதம் நைதரசன். பயிரால் அதை நேரே எடுக்க முடியாது. மின்னலும், பயறு, சணல் (சணப்பை) போன்றவற்றின் வேர்முடிச்சில் வாழும் பற்றீரியாக்களும்தான் காலங்காலமாக அதைப் பயிருக்கு ஏற்றபடி மாற்றித் தந்தன. 1909இல் ஜெர்மன் விஞ்ஞானி ஃபிரிட்ஸ் ஹேபர் அதை ஆய்வுகூடத்தில் செய்து காட்டினார். 1913இல் ஜெர்மனியில் அந்த முறையில் பசளைக்கான தொழிற்சாலை ஓடத் தொடங்கியது. இன்று உலகத்தில் ஏறத்தாழப் பாதிப்பேரின் சோறு அந்தப் பசளையில்தான் விளைகிறது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். பயிர் எடுத்தது போக மிஞ்சுவதுதான் பிரச்சினை. அது கடலுக்குப் போனால் பாசி பெருகி மீன் சாகும். காற்றில் நைதரசு ஒட்சைட்டாகக் கிளம்பினால், அதே எடை காபனீரொட்சைட்டைவிட 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். எங்கள் ஊரில் அது நேரே கிணற்றுக்குள் போகிறது.

காரணம் நாங்கள் நிற்கிற நிலம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் சுண்ணாம்புக்கல், அதில் வெடிப்பும் பொந்தும். மாரி மழை ஊறிப் போய் அந்தப் பொந்துகளில் நிற்பதுதான் எங்கள் தண்ணீர். வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை, வழுக்கையாறும் மாரியில்தான் ஓடும். மேலே கொட்டுவது எதுவானாலும் கீழே போகும். பசளை மட்டுமில்லை, கிணற்றுக்குப் பக்கத்தில் வெட்டிய மலக்குழியும்தான். வெங்காயத்தின் வேர் ஆழம் போகாது. நாங்கள் யூரியாவை எறிந்துவிட்டு மெசினைப் போட்டு வாய்க்கால் நிறைய இறைப்போம். வேர் பிடிப்பதற்கு முன்னமே பாதி கீழே இறங்கிவிடும்.

கீழேயிருந்து வருவது உப்பு. நல்ல தண்ணீர் பாரம் குறைந்தது, உவர்நீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நல்ல தண்ணீர் நின்றால் கீழே கிட்டத்தட்ட நாற்பது மீற்றருக்கு நிற்கும் என்பது பொதுக் கணக்கு. மேலே கொஞ்சம் இறைத்துக் குறைத்தால் கீழே உவர் எவ்வளவு ஏறும் என்று யோசியுங்கள். எங்கள் நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. துலா மிதித்த காலத்தில் மனிதன் களைக்கும்போது இறைப்பும் நிற்கும். மெசின் களைக்காது. இதற்குள் கடலும் உயருகிறது. 1900இலிருந்து உலகக் கடல் மட்டம் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் ஏறிவிட்டது. தீவுப்பகுதியில் தண்ணீர்ப் பவுசருக்காகக் குடத்தோடு நிற்கும் சனத்துக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

அப்பாவோடு இதைக் கதைத்தேன். "யூரியா போடாட்டி வெங்காயம் மஞ்சளடிக்கும் தம்பி, கடனை ஆர் கட்டுறது?" என்றார். அவர் சொல்வதில் பிழையில்லை. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தினார்கள். வருடம் முடியுமுன் அந்தத் தடையை விலக்க வேண்டி வந்தது, அப்படியும் நாடு முழுக்க விளைச்சல் விழுந்தது. அப்படிச் செய்வது தோட்டக்காரனைத் தண்டிப்பது. எரு போட்டாலும் அளவு மிஞ்சினால் அதுவும் நைத்திரேற்றுத்தான். ஆகவே அளவைப் பற்றித்தான் நான் கேட்கிறேன். எங்கள் தாத்தாமார் பூவரசங்குழையை எருவாக மண்ணில் தாழ்த்தினார்கள், தோட்டத்தில் மாட்டுப் பட்டி அடைத்தார்கள். அதோடு கொஞ்ச யூரியாவைப் பிரித்துப் பிரித்துப் போட்டு, பெரிய மழைக்கு முன் போடாமல், இறைப்பையும் குறைத்தால் விளைச்சல் அவ்வளவாக விழாது என்றுதான் நான் நம்புகிறேன்.

அப்பா முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் இந்த முறை நாலு பரப்புக் காணியில் ஒரு பரப்புக்குச் சணல் விதைத்து, பூக்கும்போது உழுது தாழ்த்தியிருக்கிறார். அந்தப் பரப்புக்கு மட்டும் யூரியா பாதி. பிள்ளைக்கு வாங்கிய தண்ணீரில்தான் இன்னும் பால் கரைக்கிறோம். மாரி முடிந்ததும் கிணற்றைத் திரும்பப் பரிசோதிப்போம். தோட்டத்துக்கு நடுவில் வீடும், வீட்டில் கைக்குழந்தையும் இருக்கிறவர்கள் மாரிவரை பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். இந்தக் கிழமையே தண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.