கார்ல்சனை விற்ற கணக்கு

2025 டிசெம்பரில் வன்கூவர் கனக்ஸ் ஐஸ் ஹொக்கி அணி தன் கப்டன் குயின் ஹியூஸை மினசோட்டாவுக்குக் கொடுத்த அன்று, வன்கூவரில் இருக்கும் என் மச்சான் இரவு கூப்பிட்டார். "ஒருத்தரைக் குடுத்து நாலு வந்திருக்கு. மூண்டு இளம் பொடியன்கள், அதோட முதல் சுற்றுத் தேர்வு ஒண்டு. நட்டமில்லைத்தானே?" என்று கேட்டார். (வருடா வருடம் புது இளம் ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும்போது ஒருவரை எடுக்கும் உரிமைதான் தேர்வு; மோசமாக ஆடிய அணிகளுக்கு முன்னிடம்.) போனில் எனக்குப் பதில் வரவில்லை. ஒட்டாவாவில் இருந்துகொண்டு அந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்ல முடியாது. எங்கள் அணி ஒட்டாவா செனட்டர்ஸ், கப்டன் எரிக் கார்ல்சனைச் சான் ஹோசேக்குக் கொடுத்தபோது எங்களுக்கும் இதே கணக்கைத்தான் போட்டுக் காட்டினார்கள்.

2018 செப்டெம்பர் 13. பயிற்சி முகாம் தொடங்கிய நேரம். வேலையால் வந்து கதவைத் திறந்தபோது மகன் 65-ஆம் இலக்க ஜேர்சியோடு படியில் இருந்தான். "அப்பா, கார்ல்சனை வித்திட்டாங்களாம்" என்றான். அவனுக்கு அப்போது எட்டு வயது. அவனுக்கு விளங்கப்படுத்த நான் சொன்னதும் மச்சான் சொன்ன அதே கணக்குத்தான்: ஒருத்தர் போனார், இத்தனை பேர் வருகிறார்கள். அது பிழையான கணக்கு என்று எனக்கு விளங்கப் பல வருடம் எடுத்தது.

ஹொக்கி பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஆட்டம் 60 நிமிடம். முன்வரிசைக்காரர் முக்கால் நிமிடம் ஓடிவிட்டு பெஞ்சுக்குப் போவார், அடுத்தவர் இறங்குவார். டிஃபென்ஸ்மன், அதாவது பின்னால் நின்று தடுப்பவர், ஆறு பேர், இரண்டு இரண்டு பேராக மூன்று சோடி. சரிசமமாகப் பிரித்தால் ஆளுக்கு 20 நிமிடம் வரும். 2015-16 சீசனில் எரிக் கார்ல்சன் ஆட்டத்துக்குச் சராசரியாக 28 நிமிடத்துக்கு மேல் பனியில் நின்றார். கிட்டத்தட்டப் பாதி ஆட்டம். அந்த சீசனில் முழு லீகிலும் அதிக அசிஸ்ட் (மற்றவர் அடித்த கோலுக்குக் கொடுத்த பாஸ்), 66, ஒரு டிஃபென்ஸ்மனாக அவருடையதுதான். பக்கை, அதாவது அந்த ரப்பர் வட்டை, எங்கள் கோலுக்குப் பின்னாலிருந்து எடுத்து வெளியே கொண்டுவருவது அவர்தான், தாக்குதலைத் தொடங்குவதும் அவர்தான். 2017 பிளேஓஃபில் (சீசன் முடிந்து கப்புக்காக ஆடும் சுற்றுகளில்) பொஸ்டனுக்கு எதிராக எங்கள் பகுதியிலிருந்து எல்லார் தலைக்கும் மேலால் பக்கைத் தூக்கிப் போட்டு, மறுபக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த மைக் ஹொஃப்மனின் மட்டையில் இறக்கினாரே, அந்த ஒரு பாஸை இன்றைக்கும் யூடியூபில் போட்டுப் பார்க்கிறேன்.

அந்த பிளேஓஃபை அவர் ஆடியது குதிக்காலில் மயிரிழை எலும்பு முறிவுகளோடு. பிட்ஸ்பேர்க்குக்கு எதிரான ஏழாவது ஆட்டம், இரண்டாவது மேலதிக நேரம், அவர்களுடைய கிறிஸ் குனிட்ஸ் அடித்த கோலில் தோற்றோம். அந்த ஒரு கோலை நாங்கள் அடித்திருந்தால் லீகின் கிண்ணமான ஸ்டான்லி கப்புக்கான இறுதிப் போட்டி. அதற்கு நான்கு வருடத்துக்கு முன், 2013-இல், இன்னொரு ஆட்டக்காரரின் ஸ்கேட் பட்டு கார்ல்சனின் குதிக்கால் தசைநார் அறுந்தது. சீசன் முடிந்தது என்று எல்லாரும் நினைத்தோம். சுமார் பத்து வாரத்தில் திரும்பி வந்து ஆடினார். இப்படி ஒருவரின் இடத்தை நான்கு பேரைப் போட்டு நிரப்பலாம் என்று யாரும் சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஒரு நேரத்தில் ஆறு பேருக்குத்தான் பனியில் இடம். சுமாரான நான்கு பேர் வந்தால் அந்த நான்கு பேரும் சேர்ந்து அந்த ஒரு இடத்தில் நிற்க முடியாது.

சரி, என்ன வந்தது என்று பார்ப்போம். கிறிஸ் டியர்னி நாலு சீசன் ஆடினார், 2022-இல் ஒப்பந்தம் முடிந்து போனார். டிலன் டிமேலோவை ஒன்றரை வருடத்தில் வின்னிபெக்குக்கு அனுப்பினோம். ருடோல்ஃப்ஸ் பால்சர்ஸ் சான் ஹோசேக்கே திரும்பிப் போனார். ஜோஷ் நொரிஸ் ஒரு சீசனில் 35 கோல் அடித்தார், பிறகு தோள் காயம் அவரை விடவில்லை. 2025 மார்ச்சில் அவரும் பஃபலோவுக்குப் போனார், பதிலுக்கு டிலன் கஸன்ஸ் வந்தார். மிச்சத்தில் முக்கியமானது சான் ஹோசேயின் 2020 முதல் சுற்றுத் தேர்வு.

அந்தத் தேர்வுதான் டிம் ஷ்டூட்ஸ்லே ஆனது. மூன்றாவது இடம். பெருந்தொற்றுக் காலம், மண்டபம் இல்லை, அலெக்ஸ் ட்ரபெக் தான் நடத்திய ஜெப்பர்டி என்ற தொலைக்காட்சி வினாவிடை நிகழ்ச்சியின் மேடையில் நின்று அந்தப் பெயரை அறிவித்தார். ஒரு மாதத்தில் அவரே இல்லை. ஷ்டூட்ஸ்லே இன்று எங்கள் அணியின் உயிர். அதனால் இப்போது எல்லாரும் "பார்த்தாயா, கார்ல்சனை வித்தது நல்லதாப் போச்சு" என்கிறார்கள். இங்கேதான் நான் மறுக்கிறேன்.

ட்ரேட் நடந்த அன்று அது மூன்றாவது தேர்வு என்று யாருக்கும் தெரியாது. சான் ஹோசே பலமான அணி. 2019-இல் கார்ல்சனோடு மேற்குப் பிரிவின் இறுதிவரை போனார்கள். அடுத்த சீசனில் அப்படியே சரிந்து 31 அணிகளில் 29-ஆவதாக முடித்தார்கள். அவர்கள் எப்போதும்போல பிளேஓஃப் போயிருந்தால் அந்தத் தேர்வு இருபதுகளில் விழுந்திருக்கும், ஷ்டூட்ஸ்லேயை நாங்கள் தொலைக்காட்சியில்தான் பார்த்திருப்போம். அவர்கள் சரிந்தது எங்கள் அதிர்ஷ்டம். லொத்தர் விழுந்தவன் வீட்டை விற்று லொத்தர் வாங்கியது நல்ல முடிவு என்று சொல்வதுபோல இருக்கிறது இந்தப் பேச்சு.

விற்ற பிறகு நடந்ததையும் மறக்கக் கூடாது. அந்த 2018-19 சீசனில் நாங்கள் லீகிலேயே கடைசி. அந்த வருடத்து எங்கள் முதல் தேர்வுகூடக் கையில் இல்லை, மாட் டுஷேன் என்ற ஆட்டக்காரருக்காக அதை ஏற்கெனவே கொலராடோவுக்குக் கொடுத்திருந்தோம். அந்த டுஷேனையும் 2019 பெப்ரவரியில் கொடுத்தார்கள். இன்னொரு ஆட்டக்காரர் மார்க் ஸ்டோனையும் கொடுத்தார்கள். 2017-க்குப் பிறகு 2025 வரை எங்களுக்கு பிளேஓஃப் இல்லை. அந்தப் படியில் இருந்த என் மகன் மீசை அரும்பிய பிறகுதான் ஒட்டாவா மீண்டும் ஒரு பிளேஓஃப் ஆடியதைக் கண்டான். அதிலும் ரொறன்ரோவிடம் ஆறு ஆட்டத்தில் தோற்றோம். ஸ்கார்பரோவில் இருக்கும் என் அக்கா பிள்ளைகளின் வாட்ஸ்அப்பை அந்த வாரம் முழுக்க நான் திறக்கவில்லை.

அப்படியென்றால் விற்றிருக்கவே கூடாதா? 2018 செப்டெம்பரில் வேறு வழி இல்லை. ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வருடம் மிச்சம். அது முடிந்தால் அவர் சும்மாவே போகலாம், எங்களுக்கு ஒரு சதமும் கிடைக்காது. வருடம் 65 இலட்சம் டொலர் என்ற ஏழு வருட ஒப்பந்தத்தில் ஆடியவர், இனித் தன் பெறுமதியைக் கேட்பேன் என்று முதலே வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். அதில் என்ன பிழை? சான் ஹோசே அடுத்த ஆண்டே வருடம் 1 கோடியே 15 இலட்சம் டொலருக்கு எட்டு வருடம் எழுதிக் கொடுத்தது. எங்கள் முதலாளி யூஜின் மெல்னிக் 2017 டிசெம்பரில், ஊரே கொண்டாடிய திறந்தவெளி ஆட்டத்துக்கு முதல்நாள், அணியை வேறு ஊருக்குக் கொண்டுபோவது பற்றிப் பேசினார். சில மாதத்தில் ரசிகர்கள் காசு சேர்த்து அவரைப் போகச் சொல்லி நகரத்தில் விளம்பரப் பலகை வைத்தார்கள். அப்படி ஒரு வீட்டில் எந்தக் கப்டன் இன்னும் எட்டு வருடம் இருக்கக் கையெழுத்துப் போடுவார்? ஆகவே பிழை செப்டெம்பர் 13 அன்று நடக்கவில்லை. அதற்கு ஒன்றிரண்டு வருடம் முன்பே, அவர் இங்கே தங்க விரும்பும்படி நடந்துகொள்ளாமல் விட்டபோது நடந்தது.

மொன்றியால் 2016-இல் செய்தது இன்னொரு வகை. பி.கே. சுபனைக் கொடுத்து நாஷ்வில்லிடமிருந்து ஷே வெபரை எடுத்தார்கள். சுபனுக்கு ஒப்பந்தம் பல வருடம் மிச்சம் இருந்தது, அவர் போகக் கேட்கவும் இல்லை. அந்த ஊர்ச் சிறுவர் மருத்துவமனைக்கு 1 கோடி டொலர் திரட்டித் தருவதாக அதற்கு முந்திய வருடம்தான் வாக்குக் கொடுத்திருந்தார். அவர் குணத்தைப் பிடிக்காமல் அனுப்பினார்கள் என்றுதான் நான் இன்றும் நம்புகிறேன். ஆனாலும் ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்ள வேண்டும்: ஒரு பெரிய டிஃபென்ஸ்மனுக்கு இன்னொரு பெரிய டிஃபென்ஸ்மனைக் கேட்டு வாங்கினார்கள். 2017-இல் சுபனோடு நாஷ்வில் இறுதிப் போட்டிக்குப் போனது, 2021-இல் வெபர் தலைமையில் மொன்றியால் போனது.

பொஸ்டனின் ரே போர்க் கதை மட்டும் எனக்கு உறுத்தவே இல்லை. இருபது வருடத்துக்கு மேல் ஆடிய மனிதர், கப் இல்லை. 2000 மார்ச்சில் கொலராடோவுக்கு அனுப்பினார்கள், 2001-இல் வென்றார், கப்பைத் தூக்கிக்கொண்டு பொஸ்டனுக்கே வந்தார், விட்ட ஊரும் திரண்டு வந்து கைதட்டியது.

இனி மச்சானுக்கு. ஹியூஸின் ஒப்பந்தம் 2027 வரை. தம்பிமார் இருவரும் நியூ ஜேர்சியில். அவர் தங்க மாட்டார் என்று விளங்கியிருந்தால், கடைசி வருடம் வரை இழுக்காமல் இப்போதே கொடுத்தது எங்களைவிட நல்ல வேலை. வந்தவர்களில் ஸீவ் பூயியம் டிஃபென்ஸ்மன் என்பதும் நல்லது. ஆனால் "ஒண்டுக்கு நாலு" என்று சந்தோசப்படாதே மச்சான். 2024-இல் நொறிஸ் விருது, லீகின் சிறந்த டிஃபென்ஸ்மனுக்கான விருது, வாங்கியவர் நின்ற இடம் காலியாக இருக்கிறது. நாலில் ஒன்று பெரிதாக வந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலிகள்.

எங்கள் பக்கம் இப்போது டிஃபென்ஸ்மன் ஜேக் சாண்டர்சன் இருக்கிறார். ஷ்டூட்ஸ்லேக்கு இரண்டு இடம் பின்னால், ஐந்தாவதாக எடுத்த பிள்ளை. அந்தத் தேர்வு எங்கள் சொந்தத் தோல்விக்குக் கிடைத்தது. சத்தமில்லாமல் ஆடுவார், பக்கை அவரிடமிருந்து பறிப்பது லேசில்லை. போன மாதம் ஒரு ஆட்டம் சரியில்லை என்றவுடன் கனாட்டா மண்டபத்தில் எனக்குப் பின்வரிசையில் ஒருவர் "இப்ப வித்தால் நல்ல விலை வரும்" என்றார். மகன் திரும்பிப் பார்த்தான். அவன் போட்டிருந்தது சாண்டர்சனின் 85-ஆம் இலக்கம். சாண்டர்சனின் ஒப்பந்தம் 2032-இல் முடிகிறது. அதற்கு ஒரு வருடம் முன்பே, 2031 ஜூலையில், புதியது எழுதலாம். அந்த முதல் நாளே அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுங்கள்.