கண்டிப்பு மட்டும் போதாது

அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளிகளின் வெற்றிக்குக் கண்டிப்பும் தினசரித் தேர்வும்தான் காரணம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அது பாதிதான். 2024 பிளஸ் டூ தேர்வில் தமிழகத்தில் மாணவிகளின் தேர்ச்சி 96.44 சதவீதம், மாணவர்கள் 92.37. பெண் பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்துவிட்டால் படித்துவிடுவார்கள். அவர்களை விடாமல் வர வைப்பதுதான் பெரும்பாடு. எங்கள் ஊர்ப் பள்ளியில் மாணவி இரண்டு நாள் சேர்ந்தாற்போல் வராவிட்டால் வகுப்பாசிரியை வீட்டுக்கே போய்விடுவார். கல்யாணப் பேச்சு காதில் விழுந்தால் தலைமையாசிரியையும் கூடவே போவார். அப்புறம் கழிவறை. குழாயில் தண்ணீர் வராவிட்டால் மாதவிலக்கு நாட்களில் பிள்ளைகள் லீவு போடுகிறார்கள், அந்தப் பாடம் போனது போனதுதான். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிகளுக்குத் தமிழக அரசு தரும் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் மேற்படிப்புக்குப் பெற்றோரைச் சம்மதிக்க வைக்கிறது. மாலைச் சிறப்பு வகுப்பு முடிந்தபின் கிராமத்துக்குப் பஸ் இருக்கிறதா என்பதையும் அதிகாரிகள் தயவுசெய்து பார்க்க வேண்டும்.